இல்லாத எழுத்தாளனுக்கு ஒரு நினைவு மலர்
‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலின் நிறையும் குறையும்

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதற்கு 102 ஆண்டுகளுக்குப் பின், 1981இல், சென்னை க்ரியா பதிப்பகம் நாகர்கோவில் எழுத்தாளர் ஒருவரின் சிறிய நாவலை வெளியிட்டது. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ என்னும் அந்நூலைச் சூழ்ந்து அன்று எழுந்த விவாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை. தமிழின் தலைசிறந்த நாவல்களுள் இஃதொன்று என்றனர் ஒரு சாரார். இது நாவலே அன்று, நாவல் வேடமிட்ட கட்டுரைத் தொகுதி என்றனர் மற்றொரு சாரார். முன்னவருள் பலர் அதனை வேதமாகக் கொண்டனர். பின்னவருள் பலர் அதனை முழுமையாகப் படிக்கும் பொறுமையற்றிருந்தனர். இரண்டும் ஒரு நூலுக்கு நாம் செய்யும் நீதி ஆகா.

நாஞ்சில் நாட்டில் இயங்கும் ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் இந்நூலை எடைபோட முற்படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. பாராட்டுரை, மாநாடு, ஆண்டு விழா, நினைவு மலர் ஆகியவற்றின் வழியாக ஓர் இலக்கியச் சமூகம் தன்னைத் தானே எவ்வாறெல்லாம் ஏமாற்றிக்கொள்ளக்கூடும் என்று கேட்ட நாவல் இது. ஆகவே, மலரொன்றில் இதனைப் பற்றி எழுதுபவர் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டால், நூலின் அடிப்படைக் கேள்வியையே தட்டிக்கழித்தவர் ஆவார். நம் மண்ணின் எழுத்தாளர் என்னும் பெருமிதத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, நூலை அதன் காலத்தில் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலரிலிருந்து நாவலுக்கு

சுந்தர ராமசாமியின் இலக்கிய வாழ்வு ஒரு நினைவு மலரில்தான் தொடங்கியது என்பது கவனத்திற்குரியது. புதுமைப்பித்தன் 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானார். நாகர்கோவிலிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய அந்நகரில், தமிழ்ச் சிறுகதையின் பெருங்கலைஞன் காசநோயும் வறுமையும் வாட்ட மறைந்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 1951இல், இருபது வயது இளைஞராக இருந்த சுந்தர ராமசாமி ‘புதுமைப்பித்தன் நினைவு மலர்’ ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். அவருடைய முதல் சிறுகதையான ‘முதலும் முடிவும்’ அம்மலரில்தான் இடம்பெற்றது. இறந்துபோன எழுத்தாளன் ஒருவனை இளம் எழுத்தாளன் ஒருவன் எவ்வாறு நினைவுகூர்வது என்னும் கேள்வி, ஆக, அவருடைய எழுத்தின் வாசலிலேயே நின்றது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ அதே கேள்விக்கு எழுதப்பட்ட விரிவான விடை எனலாம். இந்நாவலின் கதைமாந்தன் ஜோசப் ஜேம்ஸ் என்னும் மலையாள எழுத்தாளன். நாவல் தொடங்கும்போதே அவன் இறந்துவிட்டான். 1960 ஜனவரி 5ஆம் நாள், தன் முப்பத்தொன்பதாம் வயதில், பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் மாண்ட மறுநாள், அவன் இறந்ததாக நாவல் சொல்கிறது. காம்யு இறந்தது உண்மை, ஜே.ஜே. என்றொருவர் இருந்ததே இல்லை. உண்மைத் தேதிக்கு அடுத்த நாளில் ஒரு கற்பனை மரணத்தை வைத்ததிலேயே நூலின் உத்தி முழுவதும் அடங்கியுள்ளது. முப்பத்தொன்பது என்னும் வயதும் தமிழ், மலையாள வாசகருக்கு வெறும் எண் அன்று. பாரதி 38 வயதில் மறைந்தார், புதுமைப்பித்தன் 42இல், மலையாளக் கவிஞர் சங்ஙம்புழ 36இல். அற்பாயுளில் மறைந்த படைப்பாளிகளின் வரிசையில் ஜே.ஜே. வந்து அமர்ந்துகொள்கிறான்.

பின்னணி

1951க்கும் 1981க்கும் இடையில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவேனும் நினைவிற்கொள்ளாமல் இந்நூலை மதிப்பிட இயலாது. இளமையில் சுந்தர ராமசாமி இடதுசாரி இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டவர். பூதப்பாண்டியில் பிறந்த தோழர் ப. ஜீவானந்தத்தின் மீது அவர் கொண்டிருந்த மதிப்பு அவருடைய ‘காற்றில் கலந்த பேரோசை’ கட்டுரையைப் படித்தவர் அனைவரும் அறிந்ததே. 1956இல் ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைக் குருச்சேவ் வெளிப்படுத்தியதும், அவ்வாண்டின் இறுதியில் ஹங்கேரிக்குள் சோவியத் படைகள் நுழைந்ததும் உலகெங்கும் இடதுசாரி எழுத்தாளர்களின் மனசாட்சியை உலுக்கின. அவ்வலை நாகர்கோவிலையும் தொட்டது. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில் ‘பசுவய்யா’ என்னும் பெயரில் புதுக்கவிஞராக அவர் அறிமுகமானார். 1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ வெளிவந்தது. அதன்பின் சில ஆண்டுகள் ஏறத்தாழ மௌனம். 1975இல் ‘நடுநிசி நாய்கள்’ கவிதைத் தொகுதி. அதனையடுத்தே ஜே.ஜே.

இக்காலத்தில் தமிழ் நாவல் மீது இருந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் யதார்த்தவாதம் சார்ந்தது. ஒரு சமூகத்தின் வாழ்க்கையை அதன் மொழியிலும் மண்ணிலும் வைத்துக் காட்டுவதே நாவலின் கடமை என்னும் கருத்து வலுப்பெற்றிருந்தது. 1968இல் வெளிவந்த க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ அக்கருத்துக்குக் கோட்பாட்டு வலிமை தந்தது. நம் மாவட்டத்திலிருந்தே ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964), பொன்னீலனின் ‘கரிசல்’ (1976), நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) ஆகியவை வந்தன. ‘ஒரு புளியமரத்தின் கதை’யும் இந்த எதிர்பார்ப்பை ஒருவாறு நிறைவு செய்தது. நாற்சந்தியில் நின்ற ஒரு மரத்தைச் சுற்றி ஒரு நகரமே அங்கு உயிர்பெற்றது.

தத்துவ விசாரம் தமிழ் நாவலுக்குப் புதியதன்று. பி.ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ (1896) வேதாந்தத்தில் சென்று முடிகிறது. க.நா.சு.வின் ‘பொய்த்தேவு’ (1946) ஒரு மனிதனின் தேடலை முழு வாழ்வாக விரித்தது. நகுலனின் ‘நினைவுப்பாதை’ (1972) எழுத்தாளனின் மனத்தையே களமாக்கியது. எனினும், கதையைத் துணைக்கழைக்காமல், எழுத்தும் உண்மையும் எவ்வாறு தொடர்புறுகின்றன என்னும் கேள்வியை மட்டும் முதுகெலும்பாகக் கொண்டு ஒரு நாவல் நிற்க முடியும் என்பதைப் பரவலான வாசகர்முன் நிறுவிக் காட்டியது ஜே.ஜே.தான். காம்யுவின் ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் அதே க்ரியா வெளியீடாக 1980இல் வந்திருந்தது என்பதையும் இங்குச் சேர்த்துப் பார்க்கலாம். நிலம் ஓரளவு பண்பட்டிருந்தது.

இரு மொழிகளின் எல்லையில்

இது மலையாள எழுத்தாளன் ஒருவனைப் பற்றித் தமிழ் எழுத்தாளன் ஒருவன் எழுதும் நூல். இந்த அமைப்பு நாஞ்சில் நாட்டுக்கு வெளியே தோன்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுடன் இணைந்தன. அதுவரை இவை திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதிகள். அரசு அலுவலகமும் பள்ளியும் மலையாளத்தையும் கொண்டிருந்த மண் இது. சுந்தர ராமசாமியோ சிறுவயதைக் கோட்டயத்தில் கழித்தவர். தகழியின் ‘தோட்டியின் மக’னையும் ‘செம்மீ’னையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். மலையாள இலக்கியம் அவருக்கு அண்டை வீடு. சொல்லப்போனால், அதே வீட்டின் இன்னோர் அறை.

அக்கோட்டயத்தில்தான் 1945இல் எழுத்தாளர்கள் ஒன்றுகூடி ‘சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கம்’ என்னும் தங்கள் கூட்டுறவுப் பதிப்பகத்தை நிறுவினர். அதே ஆண்டில் பி.என். பணிக்கரின் முன்முயற்சியால் திருவாங்கூரில் நூலக இயக்கம் அமைப்புப் பெற்றது. தகழியும் பஷீரும் கேசவதேவும் சாதாரண வாசகரிடம் சென்றுசேர்ந்தனர். அதே பத்தாண்டில் தமிழில் புதுமைப்பித்தன் வறுமையில் மாண்டார். மௌனியை அறிந்தவர் ஒரு சிலரே. வார இதழ்த் தொடர்கதைகளே இலக்கியம் என்று அறியப்பட்டன.

இப்பின்னணியை மனத்திற்கொண்டால், இந்நாவலில் மிகுதியும் பேசப்பட்ட காட்சியின் கூர்மை விளங்கும். பாலு தமிழ் எழுத்தாளன் என்று அறிமுகப்படுத்தப்படும்போது, கல்கியின் சிவகாமி தன் சபதத்தை முடித்துவிட்டாளா என்று ஜே.ஜே. விசாரிக்கிறான். அந்த ஒரு கேள்வியில் தமிழின் வெகுசன இலக்கியம் முழுவதும் நகைப்புக்கிடமாகிறது. பாலுவுக்கு ஏற்படும் கூச்சம் வாசகனுடைய கூச்சமாகவும் ஆகிறது. நம்மை நம் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வது ஒன்று. அண்டை வீட்டுச் சாளரத்தின் வழியாகப் பார்க்கப்படுவது வேறு. பின்னதைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தது எல்லை மண்ணின் அனுபவமே.

மலையாளத்தை உயர்த்தித் தமிழைத் தாழ்த்திய நூல் என்று இதனைப் பழிப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நாவலின் கடுமையான பகடி மலையாள இலக்கிய உலகின் மீதே பொழிகிறது. ஏழைகளுக்காக எழுதுவதாகப் புகழ்பெற்ற முல்லைக்கல் மாதவன் நாயர் போன்ற முற்போக்கு எழுத்தாளரின் சமரசங்கள், மேடைகளின் போலிப் பெருமிதங்கள், கட்சியின் ஆசிக்குக் காத்திருக்கும் பேனாக்கள் ஆகிய எல்லாமே அங்கே மலையாளத்தில்தான் நிகழ்கின்றன. நூலகமும் கூட்டுறவும் வாசகப் பெருக்கமும் இருந்தும் உண்மை உரைப்பவன் தனியனாகவே நிற்க நேர்கிறது என்பது நாவலின் கசப்பான முடிவு. தமிழில் வசதிகள் பெருகினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்னும் ஆறுதலுக்கும் அது இடம் தரவில்லை.

நூலின் அமைப்பு

நாவல் இரு பகுதிகளால் ஆனது. முதற்பகுதியில் பாலு, இளமை முதல் தான் வியந்து நோக்கிய ஜே.ஜே.யின் வாழ்க்கையைத் தேடிச் செல்கிறான். அவனை அறிந்தவர்களின் நினைவுகளைத் திரட்டுகிறான். இரண்டாம் பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். இறுதியில், இல்லாத அந்த எழுத்தாளனின் நூல்களுக்குப் பட்டியலும் உண்டு. நினைவு மலர் ஒன்றின் உறுப்புகளான அஞ்சலி, வாழ்க்கைக் குறிப்பு, வெளிவராத எழுத்து, நூற்பட்டியல் யாவும் இங்கு உள்ளன. மலருக்குரிய பொய் மட்டும் இல்லை. ‘சில குறிப்புகள்’ என்னும் தலைப்பின் அடக்கமும் பொருளுடையது. ஒரு மனிதனை முழுமையாகச் சொல்லிவிட முடியும் என்னும் வாழ்க்கை வரலாற்றின் இறுமாப்பை அது தொடக்கத்திலேயே கைவிடுகிறது.

ஜே.ஜே. யார் என்று தேடியவர்கள் மலையாள நாடகாசிரியரும் விமரிசகருமான சி.ஜெ. தாமஸைச் (1918-1960) சுட்டினர். பொருத்தங்கள் உள்ளன: அதே 1960இல் மறைவு, இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்டுப் பின்னர் விலகல், ஒப்பனையற்ற விமரிசனம். எம்.கே. ஐயப்பனில் ‘சமீக்‌ஷா’ ஆசிரியர் எம். கோவிந்தனின் சாயலைக் கண்டவர்களும் உண்டு. இத்தகைய அடையாளம் காணல் சுவையானதே எனினும், நாவலை வதந்தியாகச் சுருக்கிவிடும் அபாயம் அதில் உண்டு. ஜே.ஜே.யில் தாமஸைக் காட்டிலும் புதுமைப்பித்தன் மிகுதி. இருவரைக் காட்டிலும், எழுத்தாளன் எப்படி இருக்கவேண்டும் என்னும் ஆசிரியரின் ஏக்கம் மிகுதி.

நிறைகள்

முதலாவது, சிந்தனையைச் செயலாக்கியது. வழக்கமான நாவலில் திருமணமோ சாவோ சண்டையோ திருப்புமுனையாக அமையும். இங்கு ஒரு கருத்து மற்றொரு கருத்தோடு மோதுவதே நிகழ்ச்சி. தான் நம்பியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, சோதனையில் தேறாதவற்றை இழப்பின் வலியோடு கைவிடுகிறான் ஜே.ஜே. அவ்வலி வாசகனைத் தொற்றுகிறது. அறிவுத் தேடலும் உணர்ச்சியின் ஒரு வடிவமே என்பதைத் தமிழ் உரைநடை இந்நூலில் உறுதியாகக் கற்றது.

இரண்டாவது, மொழி. பண்டிதத் தமிழின் கனமும் இதழியல் தமிழின் குழைவும் இல்லாத, கறாரும் துல்லியமும் கொண்ட வாக்கியங்கள் இந்நூலில் உள்ளன. இதனைக் கவிஞரான நம் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பசுவய்யா இல்லாமல் இந்த உரைநடை இல்லை. ஒரு சொல்லை நீக்கினால் வாக்கியம் சரிந்துவிட வேண்டும் என்னும் கவிதையின் கட்டுப்பாடு உரைநடைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இதற்குப்பின் வந்த சிறுபத்திரிகைக் கட்டுரை மொழியும் விமரிசன மொழியும் அறிந்தோ அறியாமலோ இந்நூலுக்குக் கடன்பட்டவை.

மூன்றாவது, நகைச்சுவை. தத்துவ நாவல் என்றதும் நெற்றிச் சுளிப்பை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். இலக்கிய உலகின் வேடங்களைக் காட்டும் பக்கங்களில் சிரிக்காமல் இருப்பது அரிது. இந்தப் பகடிக்கு நாஞ்சில் நாட்டில் மரபுண்டு. கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ ஒரு குடும்ப அமைப்பின் சீர்கேட்டைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியது. காரணவரின் வீட்டில் கவிமணி கண்டதை எழுத்தாளர்களின் வீட்டில் கண்டார் சுந்தர ராமசாமி. இரண்டிலும் சிரிப்பின் அடியில் ஓர் அறச்சீற்றம் இருக்கிறது.

நான்காவது, வடிவத் துணிவு. கற்பனை மனிதனுக்கு ஆவணம் சேர்க்கும் உத்தி உலக இலக்கியத்தில் முன்பே உண்டு. சார்த்தரின் ‘குமட்டல்’ (1938) கண்டெடுக்கப்பட்ட நாட்குறிப்பாகவே தன்னை முன்வைக்கிறது. ஆயின், தமிழ்ச் சூழலில் அதனைக் கையாண்டு, வாசகனை அவன் வாழும் இலக்கியச் சூழலைப் பற்றியே சிந்திக்கச் செய்தது இந்நூலின் தனிப்பேறு.

குறைகள்

இந்நூலின் பெருங்குறை எதுவென்பதை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம். தாமஸ் மானின் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ (1947) ஏட்ரியன் லெவர்கூன் என்னும் கற்பனை இசைமேதையின் வாழ்க்கையை அவனுடைய நண்பர் ஸைட்ப்ளோம் எழுதுவதாக அமைந்தது. அங்கும் நண்பர் வியந்து நிற்பவரே. எனினும், மான் இரண்டு காரியங்களைச் செய்கிறார். ஒன்று, லெவர்கூன் இயற்றிய இசையைப் பக்கம் பக்கமாக விவரித்து, அவன் மேதை என்பதை வாசகனே உணரும்படி செய்கிறார். மற்றொன்று, நண்பரின் குரலை மேதையின் குரலிலிருந்து பிரித்து, நண்பரின் குறைகளையும் நமக்குக் காட்டுகிறார்.

ஜே.ஜே.யில் இவ்விரண்டும் போதிய அளவில் நிகழவில்லை. ஜே.ஜே. பெரிய எழுத்தாளன் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. அவனுடைய படைப்புகளுக்குள் நாம் அழைத்துச் செல்லப்படுவது குறைவு. நாம் காண்பது அவனுடைய கருத்துகளையே. கருத்தாளனும் படைப்பாளியும் ஒருவரே என்று நாவல் எடுத்துக்கொண்டுவிடுகிறது. மேலும், பாலுவின் நடையும் நாட்குறிப்பின் நடையும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. ஒரு பக்கத்தைத் தனியே எடுத்துக் கொடுத்தால் எழுதியவர் எவர் என்று சொல்வது எளிதன்று. மலையாள நாட்குறிப்பு நமக்குப் பாலுவின் தமிழ் வழியாகவே வருகிறது என்று சமாதானம் கூறலாம். அச்சமாதானம் குறையை விளக்குமேயன்றி நீக்காது. இரு குரல்கள் ஒன்றாகிவிட்டதால், ஜே.ஜே.யை எதிர்த்துப் பேச நாவலுக்குள் வலுவான ஒருவர் இல்லாமற் போய்விட்டார்.

இதன் விளைவே இரண்டாம் குறை. முல்லைக்கல் மாதவன் நாயரின் தரப்புக்கு அதன் முழு வலிமையில் பேச வாய்ப்புத் தரப்படவில்லை. முற்போக்கு இலக்கியத்தின் பெயரால் நிகழ்ந்த போலித்தனங்கள் உண்மையே. ஆனால் அதே இயக்கம் தோட்டியையும் மீனவரையும் விவசாயக் கூலியையும் முதன்முதலாக இலக்கியத்தின் நடுக்கூடத்தில் அமர்த்தியது என்பதும் உண்மையே. ‘தோட்டியின் மக’னைத் தமிழுக்குத் தந்தவர் இதனை அறியாதவர் அல்லர். அவர் அறிந்திருந்ததை அவருடைய நாவல் போதிய அளவில் அறியவில்லை. எதிராளியை அவனுடைய மிகச் சிறந்த நிலையில் சந்திப்பதே தத்துவ நாவலின் இலக்கணம். கேலிச்சித்திரத்தை வெல்வது வெற்றி ஆகாது.

மூன்றாவதாக, பெண்கள். ஓமனக்குட்டியைப் போன்றோர் ஜே.ஜே.யின் மனத்தில் ஏற்படுத்திய சலனங்களாகவே பெரும்பாலும் நமக்குத் தெரிகின்றனர். அவர்கள் தாமே சிந்திப்பதையும், தம் நோக்கில் அவனை எடைபோடுவதையும் நாம் கேட்பது அரிது. எல்லா மனிதரிடத்தும் உண்மையைக் கோரிய ஒருவனை, அவனோடு வாழ்ந்த பெண் எப்படிக் கண்டாள் என்பது எழுதப்பட்டிருந்தால் நாவலின் தராசுக்கு இன்னொரு தட்டு கிடைத்திருக்கும். பின்னாளில் சுந்தர ராமசாமி எழுதிய ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) கோட்டயத்துக் குடும்ப வாழ்வுக்குள் திரும்பிச் சென்று குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் விரிவான இடமளித்தது. அந்நூலின் தலைப்பிலேயே வரிசை மாறியிருப்பதைக் காணலாம்.

நான்காவதாக, ஒவ்வொரு வாக்கியமும் பொன்மொழியாக மின்ன விழைவது. இது மேலே கூறிய மொழிச் சிறப்பின் மறுபக்கம். எல்லாக் கல்லும் கலசமாக விரும்பினால் கோபுரம் எழாது. சுமக்கும் கற்களும் வேண்டும். இந்நாவலைப் படிக்காமலேயே அதன் வாக்கியங்களை மேற்கோள் காட்டுவோர் பெருகியதற்கு நாவலின் இயல்பும் ஒரு காரணம். அதனைப் பின்பற்றியோர் பலர் ஜே.ஜே.யின் எள்ளலை எடுத்துக்கொண்டு, அவன் தன்மீதே நடத்திய சோதனையை விட்டுவிட்டனர். சினமும் தனிமையும் மட்டுமே எழுத்தாளனின் இலச்சினைகள் என்னும் மயக்கம் சிறுபத்திரிகை உலகில் சில காலம் நிலவியது. பின்பற்றியோரின் பிழைக்கு மூலநூல் முழுப்பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் பிழைக்கான வாய்ப்பு மூலத்தில் இருந்தது.

சிவகாமி பற்றிய அந்த வினாவும் இங்கு மறுபரிசீலனைக்குரியது. தமிழ் இலக்கியத்தைத் தொடர்கதையோடு சமப்படுத்துவது அநீதி. அவ்வினாவுக்குப் புதுமைப்பித்தனையும் மௌனியையும் காட்டிப் பாலு விடையிறுத்திருக்கலாம். ஆனால், நினைவு மலர் போட்டு அஞ்சலி செலுத்த வேண்டிய நிலையில் புதுமைப்பித்தனை வைத்திருந்த மொழிக்கு அவ்விடையைச் சொல்லும் தெம்பு இருந்ததா என்பதே கேள்வி. நாவல் அநீதியான வினாவைக் கேட்டு நியாயமான கூச்சத்தை எழுப்புகிறது. இதனைக் குறையென்று முழுவதும் தள்ளவும் இயலவில்லை. நிறையென்று முழுவதும் கொள்ளவும் இயலவில்லை.

வரலாற்றில் இடம்

நிறைகளையும் குறைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் அவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது புலனாகும். அவ்வேர் பாலுவின் வியப்பு. வியப்பே பாலுவைத் தேட வைத்தது. வாக்கியங்களுக்கு வெப்பம் தந்தது. போலிகளை இனங்காணும் கண்ணைத் திறந்தது. அதே வியப்பே ஜே.ஜே.யைக் குறுக்கு விசாரணை செய்யவிடாமலும் தடுத்தது. பொய்யான அஞ்சலிகளைக் கடிந்த நூல், தன் நாயகனுக்கு மட்டும் சற்று மிகையான அஞ்சலியைச் செலுத்திவிட்டது. மலரின் பொய்யிலிருந்து பெருமளவு விடுபட்டும், மலரின் பக்தியிலிருந்து முழுவதும் விடுபடவில்லை என்பதே என் மதிப்பீடு.

சுந்தர ராமசாமியின் பிற்கால எழுத்துகள் இம்மதிப்பீட்டுக்குத் துணைநிற்கின்றன. இறுதி ஆண்டுகளில் ‘நினைவோடை’ என்னும் வரிசையில் க.நா.சு., சி.சு. செல்லப்பா, ஜீவா, கிருஷ்ணன் நம்பி முதலியோரைப் பற்றிய நினைவுகளை அவர் பதிவு செய்தார். அழகியபாண்டிபுரத்துக் கிருஷ்ணன் நம்பி (1932-1976) அவருடைய நெருங்கிய நண்பர். அந்நூல்களில் அன்பு உண்டு. நண்பர்களின் பலவீனங்களும் மறைக்கப்படாமல் உண்டு. கற்பனை எழுத்தாளனிடம் தவறவிட்ட சமநிலையை உண்மையான எழுத்தாளர்களிடம் அவர் எய்தினார் எனலாம். 1951இன் மலர், 1981இன் நாவல், இறுதிக்கால நினைவுகள் ஆகிய மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று படிகள்.

நூலின் பயணமும் குறிப்பிடத்தக்கது. மலையாளக் கவிஞர் ஆற்றூர் ரவிவர்மா இதனை மலையாளத்தில் மொழிபெயர்த்தார். தமிழில் பிறந்த மலையாள எழுத்தாளன் இவ்வாறு தன் ‘தாய்மொழி’க்குச் சென்று சேர்ந்தான். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இல் வெளிவந்தது. ஆசிரியர் 2005 அக்டோபரில் அமெரிக்காவில் காலமானார். அதற்குப்பின் அவரைப் பற்றியும் மலர்களும் அஞ்சலிகளும் நினைவு நூல்களும் வந்தன. தன் நாயகனுக்கு அவர் எழுப்பிய கேள்வி அவருக்கே உரியதாயிற்று.

அக்கேள்வி நம் வட்டத்துக்கும் உரியது. பத்தாண்டுகளாக நாம் கவிதைகளை வாசித்துக் கேட்டிருக்கிறோம். நூல்களை வெளியிட்டுப் பாராட்டியிருக்கிறோம். நண்பரின் கவிதை நன்றாக இல்லாதபோது அதனை அவர் முகத்துக்கு நேரே, அன்பு குறையாமல், எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? நம்மினும் வேறுபட்ட கொள்கையுடையவரின் எழுத்தை அதன் சிறந்த பகுதியை வைத்து எத்தனை முறை மதிப்பிட்டிருக்கிறோம்? முதல் கேள்வியை ஜே.ஜே.யின் நிறைகள் நம்மிடம் கேட்கின்றன. இரண்டாவதை அந்நாவலின் குறைகள் கேட்கின்றன. ஒரு நூல் தன் நிறையாலும் குறையாலும் ஒருசேரக் கற்பிக்குமானால் அது வாழும் நூல். ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ அத்தகையது. அதனை வழிபடுவதை விட்டுவிட்டு மீண்டும் ஒருமுறை வாசிப்போம். வாசித்தபின், அடுத்த கூட்டத்தில், உடன்படாத இடங்களிலிருந்து விவாதத்தைத் தொடங்குவோம்.